பன்னாட்டு மாணவர் பரிமாற்றம், உதவித்தொகைத் திட்டங்களை வழிநடத்தும் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்துறைக்குள் நுழைய விரும்பும் இளைஞர்களும், ஆசிரியப் பணியிலிருந்தோ அலுவலக நிர்வாகத்திலிருந்தோ இதற்கு மாற நினைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளை ஓரிரு வரிகளில் முடித்துவிட்டேன். சிலவற்றை அப்படி முடிக்க மனம் வரவில்லை.

இப்பணியில் இருப்பவர் உண்மையில் என்ன செய்கிறார்?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விண்ணப்பங்களை வாங்கி, தகுதியானவர்களைப் பொறுக்கி எடுத்து, விமானம் ஏற்றி அனுப்பும் வேலையாகத் தெரிகிறது. ஓர் ஆண்டில் அதற்குச் செலவாகும் நாள்கள் மிகச் சிலவே. மீதி நாள்கள் முழுவதும் பங்காளர் பல்கலைக்கழகங்களுடனான புரிந்துணர்வு ஒப்பந்தங்களைப் புதுப்பிப்பதிலும், நிதி தருபவர்களுக்கு அறிக்கை எழுதுவதிலும், தணிக்கையாளரின் கேள்விகளுக்கு ரசீதுகளைத் தேடி எடுப்பதிலும், காப்பீட்டு நிறுவனத்துடனும் விசா அலுவலகத்துடனும் கடிதப் போக்குவரத்து நடத்துவதிலும் கழிகின்றன. உதவித்தொகை வழங்கும் கடிதத்தில் கையெழுத்திட ஒரு நிமிடம் போதும். அக்கடிதத்தில் எழுதியிருப்பதை, இரண்டு நாடுகளின் கல்வி நாள்காட்டிகளுக்கும் இரண்டு நிதி அலுவலகங்களுக்கும் இரண்டு குடிவரவுச் சட்டங்களுக்கும் நடுவே சொன்னபடி நிறைவேற்றுவதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். பதவியின் பெயர் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகள் இயக்குநர் என்றும், அறக்கட்டளையில் திட்ட இயக்குநர் என்றும் இருக்கலாம். வேலையின் உள்ளடக்கம் பெரிதாக மாறுவதில்லை.

மாணவர் பரிமாற்றமும் உதவித்தொகையும் ஒன்றா?

ஒன்றல்ல. இரண்டையும் ஒரே அலுவலகம் கவனிப்பதால் இக்குழப்பம் எழுகிறது. உதவித்தொகை என்பது ஒருவழிப் பணம்: ஒருவர் தேர்வாகிறார், அவருடைய கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் வேறொருவர் ஏற்கிறார். பரிமாற்றம் என்பது பண்டமாற்று. அ பல்கலைக்கழகத்தின் மாணவர் தம் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே கட்டணம் செலுத்திவிட்டு ஆ பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் படிப்பார், அங்கிருந்து ஒருவர் இங்கே வந்து படிப்பார், கட்டணம் கைமாறாது. ஆகவே பரிமாற்றத் திட்டத்தை நடத்துபவரின் மேசையில் எப்போதும் ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கும். ஐந்து ஆண்டுகளில் நாம் அனுப்பியவர்கள் நாற்பது, அவர்கள் அனுப்பியவர்கள் பதினெட்டு என்றால், இருபத்திரண்டு இடங்கள் நம் மீது கடனாக நிற்கின்றன. அடுத்த ஆண்டு அவர்கள் கதவைச் சாத்தினால் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஓராண்டுக்கு ஒருவரை அனுப்புவதற்கு ஈடாக ஒரு பருவத்துக்கு இருவரை ஏற்கலாம் என்பதுபோன்ற சலுகைகளை ஒப்பந்தம் எழுதும்போதே சேர்த்துக்கொள்வது நல்லது; பின்னால் கேட்டால் கிடைக்காது.

இத்துறையின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது அவசியமா?

அவசியம் என்றே கருதுகிறேன். ஏனெனில் ஒவ்வொரு திட்டமும் அதைத் தொடங்கிய காலத்தின் நோக்கத்தையும், பெரும்பாலும் அதன் குருட்டுத்தனத்தையும், விதிகளுக்குள் பொதிந்து வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் செல்வம் சேர்த்த பிரிட்டிஷ்காரரான செசில் ரோட்ஸ் 1902-இல் இறந்தபோது விட்டுச்சென்ற உயிலிலிருந்து ரோட்ஸ் உதவித்தொகை பிறந்தது. உயிலில் ஆண்களுக்கு மட்டும் என்று இருந்ததால், பெண்கள் அந்த உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டுக்குள் நுழைய 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒருவர் எழுதிய தகுதி விதி ஒன்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் பலரை வாசலிலேயே நிறுத்தியது என்பதை, புதிய திட்டத்துக்கு விதி எழுத உட்காரும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டான 1919-இல் நியூயார்க்கில் பன்னாட்டுக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் 1925-இல் ஹைடல்பெர்க்கில் மாணவர் முயற்சியாகத் தொடங்கி, போருக்குப் பின் 1950-இல் மறுபடி நிறுவப்பட்டது. முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்புதான், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏ.எஃப்.எஸ். என்ற பள்ளி மாணவர் பரிமாற்றமாக உருமாறியது. காமன்வெல்த் உதவித்தொகைத் திட்டம் 1959-இலும், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் 1987-இலும் வந்தன. போர் முடிந்த சூட்டிலேயே இத்தகைய அமைப்புகள் பல பிறந்தன என்பதைக் கவனித்தால், அரசுகள் இவற்றுக்கு ஏன் பணம் ஒதுக்குகின்றன, எப்போது அந்தப் பணத்தை வெட்டுகின்றன என்பதும் ஓரளவு விளங்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது, அதில் தலைவரின் பங்கு என்ன?

அரசின் வரவு செலவுத் திட்டம், தனியார் அறக்கட்டளை, பல்கலைக்கழகத்தின் சொந்த நிதி, முன்னாள் மாணவர்களின் நன்கொடை ஆகியவை வழக்கமான ஊற்றுகள். எந்த ஊற்று என்பதைவிட, அந்தப் பணத்தில் என்னென்ன நிபந்தனைகள் ஒட்டியிருக்கின்றன என்பதே திட்டத்தின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. இதற்கு அமெரிக்க அரசின் கல்விப் பரிமாற்றத் திட்டமான ஃபுல்பிரைட்டைவிடத் தெளிவான சான்று இல்லை. செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட், இவர் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டில் படித்தவர், 1946-இல் கொண்டுவந்த சட்டம், போர் முடிந்து வெளிநாடுகளில் மிச்சமாகக் கிடந்த அமெரிக்கத் தளவாடங்களை விற்ற பணத்தைக் கல்விப் பரிமாற்றத்துக்குத் திருப்பியது. வாங்கிய நாடுகளிடம் டாலர் இல்லை. தங்கள் நாணயத்தில்தான் கொடுக்க முடிந்தது. ஆகவே தொடக்க காலத்தில் அந்தப் பணத்தை அந்தந்த நாட்டுக்குள்தான் செலவிட முடிந்தது. அங்கே போகும் அமெரிக்கருக்கு அது முழுச் செலவையும் ஈடுகட்டும். அங்கிருந்து வருபவருக்கு அமெரிக்காவில் ஆகும் செலவை வேறெங்கிருந்தாவது திரட்ட வேண்டும். நன்கொடையாளர் முன் அமரும்போது தொகை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வருபவர், அடுத்த பத்தாண்டுக்கு இத்தகைய முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டே இருப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாப் பணத்தையும் ஏற்க வேண்டியதில்லை. தேர்வுக்குழுவில் தம் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்கும் நன்கொடையாளரிடம் பணிவாக மறுப்புச் சொல்லத் தெரியாதவரை இப்பதவியில் அமர்த்தக் கூடாது.

இதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறதா?

உயர்கல்வி நிர்வாகம், பன்னாட்டுக் கல்வி, ஒப்பீட்டுக் கல்வி ஆகியவற்றில் முதுகலைப் படிப்புகள் பல நாடுகளில் உள்ளன; பெரிய பல்கலைக்கழகங்களில் இயக்குநர் நிலைக்கு முதுகலையையோ முனைவர் பட்டத்தையோ எதிர்பார்க்கிறார்கள். எனினும் நான் பார்த்த நல்ல தலைவர்களில் மொழி ஆசிரியர்களும் கணக்காளர்களும் சட்டம் படித்தவர்களும் இருந்தார்கள். நிதிநிலை அறிக்கையைப் படிக்கத் தெரிவதும், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பிரிவையும் சந்தேகத்தோடு வாசிக்கும் பழக்கமும், தெளிவான கடிதம் எழுதும் திறனும் பட்டத்தைவிட அதிகம் பயன்படுகின்றன. 1948-இல் அமெரிக்காவில் தோன்றிய நாஃப்சா, 1989-இல் தோன்றிய ஐரோப்பியப் பன்னாட்டுக் கல்விச் சங்கம் போன்ற தொழில்முறை அமைப்புகள் நடத்தும் பயிற்சிகளும் மாநாடுகளும் பணியில் சேர்ந்த பிறகு உதவும்.

நானே வெளிநாட்டில் படித்திருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. படித்திருந்தால் நல்லது, ஆனால் தமக்கு நேர்ந்ததே எல்லோருக்கும் நேரும் என்று நம்பத் தொடங்கினால் அதுவே இடைஞ்சலாகிவிடும்.

தேர்வுக்குழுவை எப்படி நடத்துவது?

இப்பணியில் அதிகம் விவாதிக்கப்படுவதும், தவறு நேர்ந்தால் வெளியே தெரியாமலேயே போவதும் இதுதான். முந்நூறு விண்ணப்பங்களை ஆறு பேர் பங்கிட்டுப் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய எழுபது மதிப்பெண் இன்னொருவருடைய எண்பத்தைந்துக்குச் சமமாக இருக்கும். ஆகவே வாசிப்பைத் தொடங்குமுன் அனைவரும் ஒரே ஐந்து விண்ணப்பங்களைத் தனித்தனியே படித்து மதிப்பெண் இட்டு, பிறகு ஒன்றாக அமர்ந்து ஏன் அப்படி இட்டோம் என்று பேச வேண்டும். அரை நாள் போகும், பலர் முணுமுணுப்பார்கள், ஆனாலும் இதைக் கைவிடக் கூடாது. காலையில் படித்தவற்றுக்குத் தாராளமும் மாலையில் படித்தவற்றுக்குக் கஞ்சத்தனமும் காட்டுவது மனித இயல்பு என்பதால், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் குறைந்தது இருவர், வெவ்வேறு வரிசையில் படிக்கும்படி ஏற்பாடு செய்வதும் பயன் தரும்.

பரிந்துரைக் கடிதங்கள் தனிக் கதை. சில நாடுகளில் பேராசிரியர் ஒருவர் "இவர் ஒழுங்கானவர், கொடுத்த பணியை முடிப்பவர்" என்று எழுதினால் அது உயர்ந்த பாராட்டு. வேறு சில நாடுகளில், தம் பணிக்காலத்தில் கண்ட தலைசிறந்த மாணவர் என்று எழுதாவிட்டாலே ஏதோ குறை இருக்கிறது என்று பொருள். இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்து ஒரே அளவுகோலால் அளந்தால், அடக்கமாக எழுதும் ஆசிரியரின் மாணவர் ஒவ்வோர் ஆண்டும் தோற்றுக்கொண்டே இருப்பார். கடிதத்தில் வரும் அடைமொழிகளை ஒதுக்கிவிட்டு, அந்த மாணவர் செய்ததாகக் குறிப்பிடப்படும் செயல்களை மட்டும் அடிக்கோடிட்டுப் படிக்கச் சொல்வது என் வழக்கம். பல நேரங்களில், இரண்டு பக்கக் கடிதத்தில் அடிக்கோடிட ஒரு வரியும் கிடைக்காது.

குழு உறுப்பினருக்கு விண்ணப்பதாரரைத் தெரிந்திருந்தால் அவர் அந்த விவாதத்தின்போது அறையில் இருக்கக் கூடாது. வாக்களிக்காமல் அமர்ந்திருந்தால் போதும் என்பதை நான் ஏற்பதில்லை. அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பேசுவார்கள்.

தேர்வு முடிந்தால் வேலை முடிந்துவிடுமா?

அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு மாணவியை இன்னும் மறக்க முடியவில்லை. முழு உதவித்தொகை பெற்றவர். ஒரு வியாழக்கிழமை இரவு படிக்கப்போன நகரில் இறங்கினார். மாதாந்திரப் படியை உள்ளூர் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்த முடியும் என்பது எங்கள் விதி. வங்கி, முகவரிச் சான்று இல்லாமல் கணக்குத் திறக்க மறுத்தது. அறை வாடகைக்குத் தருபவரோ, முன்பணமும் வங்கிக் கணக்கு விவரமும் இல்லாமல் ஒப்பந்தம் எழுத மறுத்தார். ஒப்பந்தம் இல்லையேல் முகவரி இல்லை. முகவரி இல்லையேல் கணக்கு இல்லை. கணக்கு இல்லையேல் பணம் இல்லை. பதினொரு நாள்கள் அவர் ஒரு விடுதியில், முன்பின் அறியாத வகுப்புத் தோழியின் அட்டையில் கடனாகத் தங்கினார். எங்கள் ஏடுகளில் அம்மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்ததாகவே பதிவாகியிருக்கிறது, ஏனென்றால் பணம் வழங்கும் நாள் இருபத்தைந்தாம் தேதி. அதற்கு முன் யாரும் பணம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் எங்களிடம் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. ஆண்டின் முடிவில் வேறெதையோ பேசும்போது தற்செயலாக வெளிவந்தது. வந்து சேரும் நாளிலேயே, முன்கூட்டிப் பணம் ஏற்றிய அட்டையாகக் கையில் தரப்படும் வருகைப் படி என்ற வரி அடுத்த ஆண்டு நிதிநிலையில் சேர்ந்தது அப்படித்தான்.

பெயர்ச் சிக்கலும் இதே வகைதான். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத சமூகங்கள் உலகில் பல உண்டு. கடவுச்சீட்டில் ஒரே பெயர், சான்றிதழில் அப்பெயரோடு தலைப்பெழுத்து, விண்ணப்பப் படிவத்திலோ முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டாயக் கட்டங்கள். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் அப்பெயர் குடும்பப் பெயராகவும், முதற்பெயரின் இடத்தில், அப்பெயர் அறியப்படவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்தும் அச்சாகின்றன. அதே எழுத்துகளைப் பல்கலைக்கழக அடையாள அட்டையும் வங்கியும் அவருடைய பெயராகவே எடுத்துக்கொள்ளும். சேர்க்கைக் கடிதம் அனுப்புவதற்கு முன் கடவுச்சீட்டின் படத்தை வாங்கி, அதில் உள்ளபடியே எல்லா ஆவணங்களிலும் பெயரைத் தட்டச்சு செய்வதை ஓர் இளநிலை அலுவலரின் பொறுப்பாக விடாமல், தலைவர் வகுத்த நடைமுறையாக ஆக்க வேண்டும்.

வெளிநாட்டில் படித்த பாடங்களுக்கு அங்கீகாரம் தருவதில் ஏன் இத்தனை தகராறு?

பாடம் நடத்தும் ஒவ்வொரு பேராசிரியரும் தம் பாடத்துக்கு நிகரான ஒன்று வேறெங்கும் இல்லை என்று உள்ளூர நம்புவதால்தான். இத்தகராறிலிருந்துதான் எராஸ்மஸ் திட்டமே முளைத்தது எனலாம். இத்தாலியச் சட்ட மாணவி சோஃபியா கொர்ராதி, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து 1958-இல் ரோம் திரும்பியபோது, அவருடைய பல்கலைக்கழகம் அப்படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மறுத்தது. அவர் அதை அவமானமாக உணர்ந்தார். பல ஆண்டுகள் விடாமல் அமைச்சகங்களுக்கும் பல்கலைக்கழகத் தலைவர்களுக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். 1987-இல் எராஸ்மஸ் தொடங்கியபோது முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் சென்றனர். அதன் பின்னே, ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட் (படிப்பின் சுமையை அளக்கும் புள்ளி) என்ற பொது அளவையும் ஐரோப்பாவில் நிலைபெற்றது. வெளிநாட்டுக் கல்வித் தகுதிகளை அங்கீகரிப்பது பற்றிய 1997-இன் லிஸ்பன் உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது: கணிசமான வேறுபாடு உண்டு என்று காட்ட வேண்டிய பொறுப்பு, மறுக்கும் நிறுவனத்தையே சாரும்.

விதிகள் இருந்தும் தகராறு ஓயவில்லை. மாணவர் புறப்படுமுன், அங்கே எந்தப் பாடத்தைப் படித்தால் இங்கே எதற்கு ஈடாகும் என்பதை எழுதி, இரு தரப்பும் மாணவரும் கையெழுத்திட்ட கற்றல் ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். துறைத்தலைவர் வாய்மொழியாகச் சம்மதித்தார் என்பது, அவர் மாறிப்போன மறுநாளே செல்லாக் காசு. போன இடத்தில் அந்தப் பாடம் அப்பருவத்தில் நடத்தப்படாமல் போவதும் அடிக்கடி நேர்கிறது. ஆகவே மாற்றுப் பாடங்கள் இரண்டையாவது ஒப்பந்தத்தில் எழுதிவைக்க வேண்டும்.

நெருக்கடி நேரும்போது என்ன பொறுப்பு?

எந்த மாணவர் எந்த முகவரியில் இருக்கிறார், யாரை அழைக்க வேண்டும் என்ற பட்டியல் இன்றைய தேதிக்குச் சரியாக இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. 2020 மார்ச்சில் எல்லைகள் ஒவ்வொன்றாக மூடியபோது உலகெங்கும் பரிமாற்றத் திட்டங்கள் இடைநிறுத்தப்பட்டன. ஃபுல்பிரைட் திட்டமும் நிறுத்தப்பட்டது. அந்நாள்களில், திரும்பி வரச் சொல்வதா, இருக்கும் இடத்திலேயே இருக்கச் சொல்வதா என்ற கேள்விக்குச் சரியான விடை நாட்டுக்கு நாடு, சில வேளைகளில் மாலைக்கு மாலை மாறியது. மனநலக் கோளாறு, விபத்து, பாலியல் தொல்லை, கைது ஆகியவை இதைவிட அடிக்கடி வருபவை, செய்தித்தாளில் வராதவை. இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் யார் எடுப்பது, பெற்றோரிடம் என்ன சொல்லலாம், மாணவர் வயது வந்தவராதலால் எதை அவர் அனுமதியின்றிச் சொல்லக் கூடாது என்பவற்றை நெருக்கடி இல்லாத ஒரு நாளில் எழுதிவைக்க வேண்டும்.

படித்தவர்கள் திரும்பி வராவிட்டால் திட்டம் தோல்வியா?

சில திட்டங்கள் இதைச் சட்டமாகவே வைத்திருக்கின்றன. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை பெற்றவர் படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டுகள் அங்கே இருக்க வேண்டும்; பரிமாற்றத் திட்டங்களில் வருபவர்களுக்கான அமெரிக்காவின் ஜே-1 விசாவில் செல்பவர்களில் பலருக்கும் இரண்டாண்டுத் தாயக வாச நிபந்தனை உண்டு. பொதுப்பணத்தில் நடக்கும் திட்டத்தில் இத்தகைய நிபந்தனை நியாயமானது என்றே நினைக்கிறேன், அது விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே தெளிவாக இருக்குமானால். பதினேழாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் வைத்துவிட்டுப் பிறகு நன்றி கெட்டவர்கள் என்று திட்டுவது முறையல்ல. நாட்டில் போர் மூண்டுவிட்டவரையும், ஆய்வுக்கூடமே இல்லாத துறையைப் படித்தவரையும் எப்படி நடத்துவது என்பதற்கு விதிவிலக்குப் பிரிவு ஒன்று முன்னதாகவே வேண்டும்.

வெற்றியை எப்படி அளப்பது?

நிதி தருபவர் ஓராண்டில் கேட்பார். உண்மையான விடைக்கோ முப்பது ஆண்டுகள் பிடிக்கலாம். சீனாவின் சிங் அரசு 1872 முதல் 120 சிறுவர்களை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியது. யேல் பல்கலைக்கழகத்தில் 1854-இல் பட்டம் பெற்ற யுங் விங் வகுத்த திட்டம் அது. பையன்கள் மேலைநாட்டு மோகத்தில் தடம் மாறுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அரசியல் கசப்பும் சேர்ந்து, 1881-இல் பெரும்பாலோர் பட்டம் முடிக்குமுன்பே திரும்ப அழைக்கப்பட்டனர். அந்த ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை எழுதியிருந்தால் படுதோல்வி என்றுதான் எழுதியிருப்பார்கள். திரும்பி வந்தவர்களில் ஒருவரான ஜான் தியன்யோ, பெய்ஜிங்கையும் ஜாங்ஜியாகோவையும் இணைக்கும் மலைப்பாதை ரயிலை, வெளிநாட்டுப் பொறியாளர் உதவியின்றி, 1909-இல் முடித்துக் காட்டினார்.

இதைச் சொல்லி நன்கொடையாளரிடம் முப்பது ஆண்டு அவகாசம் கேட்க முடியாதுதான். ஆகவே, படிப்பை முடித்தோர் விகிதம், பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா, ஈராண்டு கழித்து என்ன செய்கிறார் என்பவற்றை ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டே, முன்னாள் மாணவர்களின் முகவரிப் பட்டியலை விடாமல் பேண வேண்டும். இவ்வேலையைத்தான் எல்லா அலுவலகங்களும் கடைசிக்குத் தள்ளுகின்றன.

முதல் வேலை எப்படிக் கிடைக்கும், மேலே எப்படிப் போவது?

பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் ஆலோசகராகவோ, விண்ணப்பப் பிரிவில் உதவியாளராகவோ தொடங்குவதே பெரும்பான்மை வழி. விசா, நிதி, பங்காளர் தொடர்பு, தேர்வு ஆகிய நான்கிலும் குறைந்தது ஒரு சுற்று வேலை செய்தவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தலைமைக்குத் தயாராகிறார். நேர்காணலில் பயண அனுபவத்தை விரித்துப் பேசுவதைவிட, எங்கோ ஒரு நடைமுறையில் இருந்த பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியதைச் சொல்லுங்கள். சம்பளம் பொதுவாக அப்பல்கலைக்கழகத்தின் அல்லது அறக்கட்டளையின் மற்ற நிர்வாகப் பதவிகளை ஒட்டியே இருக்கும். பெரும் பணம் ஈட்ட நினைப்பவர்களுக்கு ஏற்ற இடமல்ல.

பதவியை விட்டுப் போகும்போது அடுத்தவரிடம் எதை ஒப்படைக்க வேண்டும்?

ஒப்பந்தங்களும் கணக்குகளும் எப்படியும் கோப்பில் இருக்கும். கோப்பில் இல்லாதவை இரண்டு. ஒன்று, ஒவ்வொரு பங்காளர் நிறுவனத்திலும் மின்னஞ்சலுக்கு உண்மையில் பதில் எழுதுபவர் யார் என்ற பட்டியல். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் பெரும்பாலும் அவர் அல்லர். மற்றொன்று, விதிவிலக்கு ஏடு: எந்த ஆண்டு, எந்த மாணவருக்கு, எந்த விதியைத் தளர்த்தினோம், ஏன், யார் ஒப்புதலோடு என்று எழுதிவைத்தது. பிரசவத்துக்காக ஒரு பருவம் தள்ளிவைக்கக் கேட்பவரும், தந்தை இறந்ததால் இடையில் ஊர் திரும்ப விமானக் கட்டணம் கேட்பவரும் புதிய தலைவரின் முதல் மாதத்திலேயே வருவார்கள். அந்த ஏடு மேசையில் இல்லையென்றால், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்குக் கொடுத்ததை அவர் இன்னொருவருக்கு மறுத்துக் கடிதம் எழுதிவிடுவார்.